என்ன முறை வேணும்? ஊரடங்கில் கொடிவழி எழுத உட்கார்ந்தவர்களுக்கு

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை, நள்ளிரவிலிருந்து நாடெங்கும் ஊரடங்கு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே வர வேண்டாம் என்று அரசு சொன்னது. அதைப் போலீஸ்காரரைவிடக் கண்டிப்பாக நிறைவேற்றியவர்கள் வீட்டிலிருந்த பேரன் பேத்திகள்தான். நடைப்பயிற்சி மொட்டை மாடிக்கு ஏறியது. படப்பிடிப்பு நின்றதால் சீரியல்களின் பழைய பாகங்களே திரும்ப ஓடின. காலையில் கபசுரக் குடிநீர், பதினொரு மணிக்கு மோர், மதியம் தூக்கம். நடுவில் கிடைத்த நேரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார், ரயில்வேக்காரர், தாலுகா ஆபீஸ்காரர் என்று பலர் கையில் எடுத்த வேலை, குடும்பத்தின் கொடிவழி, அதாவது வம்சாவளி, எழுதுவது.

பெரும்பாலோர் முதலில் செய்தது பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னது. அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை. பத்திரம் இன்னும் ஐந்து வருஷம் பெட்டியிலேயே கிடக்கும். தொண்ணூறை நெருங்கும் அத்தைக்கு, அதுவும் தொற்றுக் காலத்தில், அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஆகவே முதலில் போன். குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவர்களை வயது வரிசைப்படி எழுதி, மேலிருந்து கீழாகக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும். காது நன்றாகக் கேட்பவருக்கும் நினைவு தடுமாறத் தொடங்கியவருக்கும் முதலிடம் கொடுக்கலாம். எழுபது வயதுத் தம்பியை அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. சர்க்கரை மாத்திரை போட்டு, சாப்பிட்டு, பேச்சு தெளிவாக வரும் நேரம் அது. ராத்திரி கூப்பிட்டால் முதலில் 'யாருக்கு என்ன ஆச்சு' என்று பதறிப்போவார்கள். அந்த வருஷங்களில் அந்தப் பதற்றத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு அழைப்புக்கு முப்பது நாற்பது நிமிஷம் போதும். ஜூமில் இலவசக் கணக்கின் கூட்ட அழைப்பு நாற்பதாவது நிமிஷத்தில் அறுந்துவிடும் என்று எல்லோரும் திட்டினார்கள். இந்த வேலைக்கு அது சரியான அளவு. வாட்ஸாப்பில் 2020 ஏப்ரல் கடைசியில்தான் நான்கு பேர் வரம்பு எட்டானது. எட்டு பேர் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் நல்லது. அக்காவும் தங்கையும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு சொத்துச் சண்டைக்குத் திரும்பிவிடும். பதிவு செய்ய எளிய வழி, பேசும் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பக்கத்தில் இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிடுவது. பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, பேசுபவர் பெயர், ஊர் மூன்றையும் உங்கள் வாயால் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது யாருடைய குரல் என்பதே சந்தேகமாகிவிடும்.

இனி எதைக் கேட்பது? பெயரைக் கேட்டுத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சிக்கிக்கொள்வார்கள். தமிழ்க் குடும்பங்களில் தாத்தா பெயர் பேரனுக்குப் போகும். கந்தசாமி மகன் சுப்பையா, சுப்பையா மகன் கந்தசாமி, அவர் மகன் மறுபடி சுப்பையா. தாத்தாவுக்கு மூன்று மகன்கள் இருந்தால் மூன்று வீட்டிலும் ஒரு கந்தசாமி இருப்பார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள் என்பதால் அந்தப் பிள்ளையை வீட்டில் கூப்பிடுவது வேறு பெயரில். பத்திரத்தில் வெங்கடாசலம், வீட்டில் துரை, ஊரில் 'மச்சு வீட்டுக்காரர்'. பெயர் அடையாளம்தான், ஆனால் ஆளை அவருக்குரிய இடத்தில் உட்கார வைப்பது உறவு முறை.

'அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?' இதுதான் முதல் கேள்வி. எண்பத்தைந்து வயதில் பெயர் மறந்தவர்களுக்கும் முறை மறப்பதில்லை. 'சித்தப்பா' என்று பதில் வந்தால் அப்பாவின் தம்பியாக இருக்கலாம், அம்மாவின் தங்கை புருஷனாகவும் இருக்கலாம். அடுத்த கேள்வி: 'கூடப் பிறந்த சித்தப்பாவா, ஒன்றுவிட்டவரா?' ஒன்றுவிட்டவர் என்றால் அவருடைய அப்பாவோ அம்மாவோ பதில் சொல்பவரின் தாத்தா பாட்டியோடு கூடப் பிறந்தவர். இரண்டுவிட்டவர் என்றால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். மூன்றாவதாக, 'அவரோட அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?' அப்பத்தா அல்லது அப்பாயி என்றால் அப்பா வழி, அம்மாச்சி அல்லது அம்மாயி என்றால் அம்மா வழி. திருநெல்வேலிப் பக்கம் இரண்டு பாட்டியும் ஆச்சிதான், அங்கே 'அப்பாவைப் பெத்த ஆச்சியா?' என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு. 'அந்த வீட்ல நாம பொண்ணு எடுக்கலாமா?' என்று கேளுங்கள். 'எடுக்கலாமே' என்றால் மாமன் மச்சான் வகை. 'சீ, அவங்க பங்காளி' என்றால் அண்ணன் தம்பி வகை. மொத்தச் சொந்தமும் இந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்துவிடும். இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. ஊர் முறைக்கு மாமா என்று கூப்பிட்டிருப்பார்கள், ரத்த சம்பந்தமே இருக்காது. கல்யாணத்துக்குப் பிறகு முறை மாறியிருக்கும்: அண்ணி என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அதற்கு முன் அத்தை மகளாக இருந்திருப்பார். எனவே 'கல்யாணத்துக்கு முன்னாடி எப்படிக் கூப்பிட்டீங்க?' என்பதையும் விடாமல் கேட்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா மக்களுக்குள்ளும் மணம் செய்யலாம் என்பதால் முஸ்லிம் குடும்பங்களில் இந்தப் பெண் எடுக்கும் கேள்வி முழுதாகச் செல்லாது.

கேட்டதை வரையத் தொடங்கும்போது அடுத்த சிக்கல். வெளிநாட்டுப் பழக்கத்தில் வந்த படங்கள் எல்லாம் கீழே ஒருவர், மேலே போகப் போக இரட்டிப்பாக விரியும் மரமாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிய குடும்பத்தில் அப்படி விரியாது, வளைந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இதைப் பிடித்துவைக்க எண் முறை உதவும். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவர் அப்பா. அதோடு ஒன்றைக் கூட்டினால் அவர் அம்மா. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. அப்பா தன் தாய்மாமன் மகளைக் கட்டியிருந்தால் 5ம் 6ம் கூடப் பிறந்தவர்கள். அப்போது 5இன் பெற்றோரான 10, 11 என்பவர்களே 6இன் பெற்றோரான 12, 13. எட்டுப் பேர் இருக்க வேண்டிய வரிசையில் ஆறு பேர்தான். அப்பா அக்கா மகளைக் கட்டியிருந்தால் இன்னும் வேடிக்கை: 7 என்பவர் அப்பாவின் அக்கா, ஆகவே அவர் பெற்றோரான 14, 15 என்பவர்களே 4, 5. ஒரே மனிதர் உங்களுக்குத் தாத்தாவும் பூட்டனும். தலைமுறைக்கு ஒரு வரி என்று கோடு போட்டு வைத்தவர்கள் இங்கேதான் ரப்பரைத் தேடுவார்கள். கோட்டை அழிக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு எண்ணையும் எழுதி, நடுவில் சமக்குறி போட்டால் போதும்.

மூதாதையரிலிருந்து கீழே வருவதற்கு வேறு எண்: மூத்தவர் 1, அவர் பிள்ளைகள் பிறந்த வரிசைப்படி 1.1, 1.2, 1.3, மூன்றாமவரின் இரண்டாவது பிள்ளை 1.3.2. சின்ன வயதில் இறந்த குழந்தைக்கும் எண் கொடுக்க வேண்டும், பின்னால் செருகினால் வரிசை முழுக்க மாறும். பழைய தலைமுறையில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஆறு வருஷம் இடைவெளி தெரிந்தால் 'நடுவுல ஏதாவது தவறிப்போச்சா?' என்று மெதுவாகக் கேட்டுவிடுங்கள்.

கணினி பழகியவர்களுக்கு கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஏற்கெனவே பதிந்த அத்தையை இன்னொரு கிளையில் சேர்க்கும்போது 'புதிய நபர்' என்று மறுபடி உருவாக்குவது. இருக்கும் நபரைத் தேடி இணைக்க வேண்டும். சரியாக இணைத்த பிறகும் படத்தில் ஒரே தம்பதி இரண்டு இடத்தில் வரும், அது பிழையல்ல. இரட்டிப்பு என்று நினைத்து ஆளையே அழித்தால் இரண்டு கிளையிலும் காணாமல் போவார். கணினி வேண்டாதவர்களுக்கு மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும்: வழவழப்பு இல்லாத தாள், பென்சில், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவு எழுத்து.

தேதிதான் பொறுமையைச் சோதிக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பவே வேண்டாம். ஜூனில் சேர்க்க வந்த பிள்ளை தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க்காதைத் தொட்டால், வாத்தியார் ஐந்து வயது நிறையும்படி ஒரு மே, ஜூன் தேதியைத் தானே எழுதிக்கொள்வார். பழைய ஜாதக நோட்டு அதைவிட நம்பகமானது. ஆனால் அதில் 'சார்வரி வருஷம் ஐப்பசி மாதம்' என்றுதான் இருக்கும். சார்வரி 1900இலும் வரும், 1960இலும் வரும், 2020இலும் வரும். எந்தச் சார்வரி என்று கண்டுபிடிக்க ராசிக் கட்டத்தில் குருவையும் சனியையும் பார்த்துப் பயனில்லை. குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று முடித்து அறுபது ஆண்டில் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். மிஞ்சிப் போனால் ஒரு கட்டம் தள்ளி நிற்பார்கள். ராகுவைப் பாருங்கள். ராகுவின் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல். அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடிந்து கிட்டத்தட்ட கால் சுற்று மிச்சம் நிற்கும். 1900 ஐப்பசியில் ராகு விருச்சிகத்தில், 1960 ஐப்பசியில் சிம்மத்தில், 2020 ஐப்பசியில் ரிஷபத்தில். 1900, 1960 இரண்டிலும் சனி தனுசில்தான். ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, கட்டத்தில் இருப்பது வான நிலை.

தெற்கே கொல்லம் ஆண்டு எழுதியிருப்பார்கள். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924 ஆகஸ்ட். வருவாய்த்துறைக் காகிதத்தில் பசலி என்ற வரி ஆண்டு இருக்கும்: 590ஐக் கூட்டினால் அந்த ஆண்டு ஜூலை ஒன்றில் தொடங்குகிற பசலி. தமிழ்த் தேதியை இன்றைய காலண்டரை வைத்து மாற்றினால் ஒரு நாள் பிசகும். இப்போது ஏப்ரல் 14இல் வருகிற சித்திரை முதல் நாள் 1920இல் ஏப்ரல் 13இல் வந்தது. ஜாதகத்தில் கிழமை இருக்கும், அதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதியை எழுத வேண்டும்.

ஜாதகமே இல்லாதவருக்கு ஊர் நினைவுதான் நாட்காட்டி. ராமநாதபுரத்துக்காரரிடம் தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்னா பின்னா என்று கேளுங்கள். அரியலூர்க்காரரிடம் ரயில் விபத்து (1956 நவம்பர்), சென்னைக்காரரிடம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி செய்த 1942. காந்தி இறந்த செய்தி வந்தபோது இடுப்பில் பிள்ளை இருந்ததா, வயிற்றில் இருந்ததா என்பதை மறக்காத பாட்டிகள் உண்டு.

இப்போது பெட்டியைத் திறக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டே திறங்கள். கொரோனாவுக்காக அல்ல, ராமபாணப் பூச்சி அரித்த தூசுக்கும் அந்துருண்டை நெடிக்கும். இளைப்பு உள்ளவர்கள் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய் வேறு யாரையாவது தட்டச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் காகிதம் கிழியும். ஊசியைச் சுற்றியுள்ள தாளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகி எடுக்கலாம், வராவிட்டால் அப்படியே விடலாம்.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இரண்டு தலைமுறை கிடைக்கும். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி, இறந்த அண்ணனின் மைனர் மகன், அவனுக்குக் கார்டியன், சுவீகாரம் போனவர் எல்லோரும் பங்கோடு நிற்பார்கள். பழைய கையெழுத்தில் ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ௰௫ என்றால் பதினைந்து, ௨௰௩ என்றால் இருபத்து மூன்று. ௰ பத்தைக் குறிக்கும் குறி என்று தெரியாமல் எழுத்தாகப் படித்தால் தேதியே குழம்பும். புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள், லை, னை முதலியவை 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் இரண்டாம் பக்கத்திலிருந்து கண் பழகிவிடும்.

வீட்டிலிருந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம், பெரும்பாலும் 1975க்குப் பிந்தையவை கிடைக்கும். பட்டா, கிராம நிலங்களின் பட்டியலான அ-பதிவேடு இரண்டும் வருவாய்த்துறைத் தளத்தில் உண்டு. ஆனால் 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். நில அளவைத் திட்டத்தில் ஏறிய பெயர்களில் இனிஷியல் பிழை தாராளம். தகப்பன் பெயர் பட்டாவில் ஒன்றாகவும் பத்திரத்தில் ஒன்றாகவும் இருந்தால் பத்திரத்தின் பக்கம் சாய்வதே சரி. பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை), முன்சீப் (கிராமத் தலைவர்) பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அந்தக் கர்ணம் வீட்டுப் பேரன் யாராவது போனில் கிடைத்தால் விடாதீர்கள், சில வீடுகளில் பழைய நோட்டுகள் இன்னும் இருக்கின்றன.

இந்தக் காகிதங்களில் எல்லாம் பெண்கள் இல்லை. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல்தான். அதற்கு முந்தைய பாகப்பிரிவினையை மட்டும் வைத்துக் கொடிவழி எழுதினால் ஆண்பிள்ளைகள் மட்டுமே பிறந்த அதிசயக் குடும்பம் ஒன்று உருவாகும். பெண்களைத் தேட வேண்டிய இடம் மொய் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும். பத்திரிகையில் 'இன்னார் பேத்தியும் இன்னார் குமாரத்தியுமான' என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். மொய் நோட்டில் தாய்மாமன் சீர் முதல் பக்கத்தில் இருக்கும்; அந்தப் பெயரும் ஊரும் அம்மா வழிக்குக் கதவு. குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளிகள் எத்தனை வீடு என்பதைச் சொல்லும், ஆனால் அதுவும் ஆண் கணக்கே. தர்ப்பணம் செய்யும் வீடுகளில் அப்பா வழி மூன்று தலைமுறை, அம்மாவைப் பெற்றவர் வழி மூன்று தலைமுறைப் பெயர்கள் எழுதிய துண்டுச் சீட்டு பூஜை அலமாரியில் இருக்கும், அதில் பாட்டிகளும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சொந்தம் இருந்தால் இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், பல நூல்களில் வம்சமே செய்யுளாக இருக்கும்.

தொற்றுக் காலம் புதிதாக ஓர் ஆவணத்தையும் கொண்டுவந்தது. கூட்டம் கூடாத கருமாதிகளுக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. அதற்குப் பதில் கண்ணீர் அஞ்சலிப் படம் வாட்ஸாப்பில் வந்தது. மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரன் பேத்தி எல்லாம் ஊர் பெயரோடு அதில் இருந்தன. 2021 மே மாதத்தில் அப்படி வந்த படங்களை நினைவகம் நிறைந்துவிட்டதென்று மொத்தமாக அழித்தவர்கள் அநேகம். யாரிடமாவது மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கித் தனியாகச் சேமியுங்கள். துக்க வீட்டில் மட்டும் கொடிவழி பற்றி வாய் திறக்காதீர்கள், காரியம் முடியட்டும்.

நூறு வருஷத்துக்கு மேல் பின்னே போகும் கொடிவழிகளில் 1918 என்ற ஆண்டு தனியே கண்ணில் படும். காளயுக்தி வருஷம், புரட்டாசி ஐப்பசி வாக்கில் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சலின் கொடிய இரண்டாம் அலை. இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல், அதிலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களே அதிகம். ஒரு தாத்தாவுக்கு 1919இலோ 1920இலோ இரண்டாம் தாரம் என்று வந்தால், முதல் மனைவி அந்தக் காய்ச்சலில் போனாரா என்று கேட்க வேண்டும். அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவருடைய தம்பி வீட்டு வழியில்தான் கிடைக்கும், அங்கே இன்னும் ஒரு பேத்திக்கு அந்தப் பெயர் இருக்கும்.

போட்டோக்களை ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் இருப்பவற்றைக் கழற்ற வேண்டாம், பிரதிபலிப்பு விழும் பக்கம் கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும். ஒட்டும் பக்க ஆல்பங்களிலிருந்து உரித்தெடுத்தால் முகம் தாளோடு போய்விடும். ஆல்பத்திலேயே வைத்துப் படமெடுங்கள். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்பினால்தான் படம் சுருங்காது. கண்புரை உள்ளவர்கள் அரை மணிக்கு மேல் திரையைப் பார்க்க வேண்டாம். தமிழில் குரல் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தப்பாக எழுதும். அவற்றைப் பேரப்பிள்ளையை உட்கார வைத்துத் திருத்தச் சொல்லலாம்.

முதல் வரைவை முடிந்தது என்று சொல்லாமலே சொந்தக்காரர் குழுவில் போட்டுவிடலாம். கேட்டபோது 'எனக்கொன்னும் ஞாபகமில்லை' என்றவர்களிடமிருந்து அன்றைக்கே போன் வரும், 'எங்கம்மாவை மூணாவதா போட்டிருக்க, அவதான் ரெண்டாவது' என்று. திருத்தத்தைச் சொன்னவர் பெயரையும் தேதியையும் ஓரத்தில் குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வைத்து, மூன்றாவது ஆளையோ பத்திரத்தையோ தேட வேண்டும். இரண்டாம் குடும்பம், வீட்டை விட்டுப் போனவர், தற்கொலை ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள், குழுவுக்குப் போகும் படத்தில் வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியும் வேண்டாம், வருஷம் போதும். வங்கிக் கணக்கைத் திறக்கப் பார்க்கிற மோசடிக்காரனுக்கு அம்மா பெயரும் பிறந்த தேதியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடக் கூடாது.